துண்டு போட்ட கதவுகள்

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "இது உங்க கையெழுத்துதானே மேடம்?" என்று அதிகாரி கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குடிநீர் மீட்டர் கணக்கு எடுப்பவர்களில் என் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். புதிய ரயில் பாதைக்காகத் திறந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களே, பாராட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு புதுச் செருப்பெல்லாம் போட்டு வந்திருந்தேன். அதே செருப்பால் என்னை அடிக்க வேண்டும்.

"என்னுதுதான் சார்."

"பழைய அச்சகத்துக்குப் பின்னாடி தெரு. மொத்தம் நாப்பத்தாறு வீடு. உங்க பதிவுப்படி நாப்பத்தொண்ணு காலி. பாதைக்கு இடிக்கும்போது ஆள் இல்லாத வீட்டுக்கு மாத்து வீடு கிடையாது. நீங்க நேர்ல பார்த்து எழுதினதுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா பட்டியலை முடிச்சிடலாம்."

அவர் விரல் பக்கத்தின் மேலிருந்து கீழே இறங்கியது. பூ, பூ, பூ, பூ. பூட்டு என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டுப் 'பூ' என்று மட்டும் எழுதுவேன். உன் ரெஜிஸ்டர் பூந்தோட்டமாக இருக்கிறதே என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். விரல் பதினேழாம் எண்ணில் வந்து நின்றது. அது என் அக்கா வீடு. நான் பிறந்து வளர்ந்த வீடு. போன ஞாயிற்றுக்கிழமைகூட அங்கேதான் சாப்பிட்டேன். இந்த மாதத்துக்கும் பூ.

 

"அந்த வீட்டுல எல்லாம் ஆளுங்க இருக்காங்க சார்" என்றேன்.

"அப்ப ஏன் பூட்டுன்னு எழுதினீங்க?"

"தூங்குவாங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும். அந்தத் தெருவில் ஐந்து வீடு தவிர எல்லோருக்கும் இரவு வேலை. முதலில் அச்சகத்தில் பேப்பர் அடித்தார்கள். அச்சகம் மூடியதும் ஆஸ்பத்திரி, பேக்கரி, பஸ் டிப்போ என்று கிடைத்த இடத்துக்குப் போனார்கள், ஆனால் இரவு வேலைக்கே போனார்கள். உடம்பு அதற்குப் பழகிவிட்டது. காலையில் வந்து குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கதவுக் கைப்பிடியில் போட்டால் உள்ளே ஆள் தூங்குகிறது, தட்டாதே என்று அர்த்தம். 'துண்டு போட்டாச்சு' என்றால் அங்கே தூங்கியாச்சு என்றுதான் சொல்வது. நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே நாங்கள் கால் விரலில் நடக்கக் கற்றுக்கொண்டோம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அந்தப் பகுதி எனக்கு ஒதுக்கப்பட்டு, முதல் நாள் துண்டு தொங்கும் கதவின் முன் நின்றபோது கை மேலே எழவில்லை. பூ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். வேறு யாராக இருந்தாலும் தட்டியிருப்பார்கள்.

"சாயங்காலமா போய் எடுத்திருக்கலாமே?"

"அஞ்சு மணிக்கு டூட்டி முடிஞ்சிடும் சார்." பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது. தண்ணீர்த் தொகையை, அச்சகம் மூடிய பிறகும், கம்பெனிதான் மொத்தமாகக் கட்டிவந்தது. நான் எண்ணை எழுதினாலும் எழுதாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று இருந்துவிட்டேன்.

அந்த வீடுகள் கம்பெனி பேரில்தான் இருக்கின்றன. அங்கிருப்பவர்களின் அடையாள அட்டைகளில்கூட அச்சக வாசலின் முகவரிதான். அந்த நாற்பத்தொரு கதவுகளுக்குப் பின்னால் மனுஷர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு நகரத்திடம் இருக்கும் ஒரே சாட்சி என் பதிவேடு. அது என் முத்து முத்தான எழுத்தில் யாரும் இல்லை என்கிறது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை. "எழுதினது தப்புன்னு எழுதிக் குடுங்க, இன்னைக்கு மீட்டர்ல இருக்கிற நம்பரோட. அஞ்சு மணிக்குள்ள வந்தா சேர்த்துக்கிறேன். ஆனா பத்தொன்பது வருஷப் பொய்க் கணக்கு. உங்க ஆபீஸ் சும்மா விடாது. ரிட்டயராக எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

"யோசிச்சுக்கோங்க."

பதிவேட்டை வாங்கிக்கொண்டு நேராகத் தெருவுக்குப் போனேன். மணி பதினொன்று. வெயில் ஏறியிருந்தது. தெருமுனைக்கு வந்ததும், அந்தப் புதுச் செருப்பைப் பழக்கதோஷத்தில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வரிசையாகக் கதவுகள், வரிசையாகத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் சுவரில் மஞ்சள் பெயிண்டில் 'கா' என்று ஓர் எழுத்து. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

தெருமுனை டீக்கடைக்காரர் என்னைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர். கையாட்டிக் கூப்பிட்டு, "வா மீட்டரம்மா" என்று ரகசியம் பேசுவதுபோலச் சொன்னார். "காலையில ரெண்டு பசங்க வந்து எழுதிட்டுப் போனாங்க. தூங்குற தெருப்பா, சத்தம் காட்டாதீங்கன்னேன். நல்ல பசங்க, ஏணியைக்கூட இழுக்காம தூக்கிட்டுப் போனாங்க. ஒருத்தரும் முழிக்கல." அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "போன மாசம் வீடு வீடா ஆள் கணக்கெடுக்க வந்தவங்களையும் நான்தான் தட்ட விடலை. ஆமா, அது என்ன கா?"

கா என்றால் காலி. அதை அவரிடம் சொல்லாமல் நடந்தேன்.

பதினேழாம் எண். அக்கா ஆஸ்பத்திரியில் இரவு ஆயா. துண்டில் ஈரம் இருந்தது, அவள் படுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இந்தக் கதவை நான் பகலில் தட்டியதே இல்லை. பள்ளியில் தலை உடைந்து வந்தபோதுகூட வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், ரத்தம் காய்ந்துபோயிற்று. கையைத் தூக்கினேன், இறக்கினேன். மறுபடி தூக்கித் தட்டினேன்.

உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. கதவு திறந்தது. அக்காவின் தலைமுடி கலைந்து கிடந்தது.

"யாரு போனது?" என்றாள். "சொல்லுடி. யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தெருவில் பகலில் கதவைத் தட்டுவது சாவுச் செய்திக்கு மட்டும்தான்.

"யாரும் போகலைக்கா. நீதான். நீ இந்த வீட்டுல இல்லைன்னு எழுதி வெச்சிட்டேன்."

பதிவேட்டை விரித்துக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். பக்கத்தைப் புரட்டினாள், இன்னொன்றைப் புரட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து சுவரில் இருந்த எழுத்தைத் தொட்டாள். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் அந்த விரலையே பார்த்தாள்.  திட்டினால் தேவலை என்றிருந்தது.

"வாராவாரம் வந்து தின்னுட்டுப் போனியேடி" என்றாள்.

"ஆமாக்கா."

"பஸ்ல துண்டு போட்டா இடம் நமக்கு. இங்க துண்டு போட்டே இடத்தை விட்டிருக்கோம்." சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மாத்தி எழுதினா உன் வேலை?"

"போயிடும்."

அக்கா உள்ளே போனாள். நானும் போய்ச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்தேன். மீட்டர் அங்கேதான் இருக்கும் என்று தெரியும், பார்த்து எத்தனையோ வருஷம். கண்ணாடியில் படிந்திருந்த அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்தேன். அக்கா தலைக்கு மேலே குழாயைத் திறந்து முகம் கழுவினாள். சின்னச் சிவப்பு முள் கிடுகிடுவென்று சுற்றியது. ஐந்து இலக்க எண். அவள் குடித்தது, குளித்தது, என்னைக் குளிப்பாட்டியது எல்லாம் அதில் இருந்தது. நான் பூவை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

"இன்னும் நாப்பது" என்றேன். "அஞ்சு மணிக்குள்ள."

அக்கா முகத்தைத் துடைக்கத் தன் துண்டைக் கைப்பிடியிலிருந்து உருவினாள். துடைத்துக்கொண்டே பதினெட்டாம் எண் வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு நீலத் துண்டு தொங்கியது. கையை ஓங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தட்டு என்று தலையை ஆட்டினேன். டீக்கடைக்காரர் பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று தூரத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

அக்கா தட்டினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். கதவு திறப்பதற்கு முன்னாலேயே, உள்ளே ஒரு பெண் குரல் அழத் தொடங்கியது.