மிச்ச அரைவாசி

மண்டைதீவுப் பிள்ளைகளுக்கு வாய் இல்லை என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குக் காது இல்லை என்றுதான் அர்த்தம். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்கிற தகப்பன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டைகள்! ஆனால் ‘வட் இஸ் யுவர் நேம்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வாயும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும்.

ஜொய்சிக்கு இது பெரிய வயிற்றெரிச்சல். ஏ.எல். சோதனை முடித்துவிட்டுக் கம்பஸ் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருந்த அந்த வருடம், பின்னேரங்களில் மாதா கோயில் ஹோலில் இந்த இருபத்திரண்டு பிள்ளைகளையும் சேர்த்து, சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் பேசப் பழக்கினாள். போன தவணையில் ஒரு இங்கிலீஷ் பேச்சுப் போட்டிக்கென்று பத்து வயது றொஷானியைப் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாண ரவுணுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை மேடையில் ஏறியது, தன் இரண்டு கால்களையும் நன்றாகப் பார்த்தது, இறங்கி வந்துவிட்டது. ரவுண் பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள்.

“அக்கா, எனக்கு எல்லாம் தெரியும்,” என்றாள் றொஷானி, திரும்பி வரும் பஸ்ஸில். “தனிய வாய் திறக்கத்தான் ஏலாது.”

அன்று பின்னேரம் கோயிலில் செபமாலை. முன்னுக்கு இருப்பவர் மாலையின் ஒவ்வொரு மணிக்கும் அரைவாசிச் செபத்தைச் சொல்லி நிறுத்த, மிச்ச அரைவாசியைச் சனம் முழுக்க எடுத்துச் சொல்லியது. அதில் கூரை ஓட்டைப் பிய்க்கிற குரல் யாருடையது? றொஷானியுடையது! ஜொய்சிக்கு மூளையில் என்னவோ வெளித்தது. அங்கே யாருமே தனிய இல்லை. அரைவாசியை இன்னொருவர் வைத்திருக்கிறார். செபத்தின் நடுவிலேயே ஜொய்சி சிரித்துவிட்டாள். தாய் தொடையில் நுள்ளிய நுள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது.

அடுத்த நாளே ஹோலில் அது தொடங்கிவிட்டது. ஒருவர் அரைவாசி, மற்றவர்கள் மிச்சம்.

“மை பாதர் கோஸ் டு…”

“த சீ!”

“மை மதர் கிளீன்ஸ்…”

“த பிஷ்!”

“த கிறோ ரேக்ஸ்…”

“த பிஷ்!”

யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூரையில் இருந்த காகங்கள், மீன் களவில் தங்கள் பெயர் அடிபடுவது விளங்கியதுபோல் எழும்பிப் போயின. ஒரு கிழமையில் ‘நான் முன்னுக்கு, நான் முன்னுக்கு’ என்று அடிபாடு. ஜொய்சி வீட்டுக்கு நடந்து போகவில்லை, துள்ளிக்கொண்டு போனாள்.

நல்லது நடந்தால் அதற்கு ஒரு கண்ணூறும் வேண்டும் அல்லவா? ஹோலுக்குப் பக்கத்துப் பூவரசின் கீழே கதிரை போட்டிருந்து கிழிந்த வலை பொத்துகிறவர் சவிரிமுத்துச் சம்மாட்டியார். மூன்று படகுக்குச் சொந்தக்காரர், கடற்றொழில் சங்கத் தலைவர். இரண்டு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கத்தலைக் கேட்டு வெந்துகொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை எழும்பி வந்தார்.

“பிள்ளை, உங்கட சத்தத்துக்கு மீனெல்லாம் இந்தியாவுக்கு ஓடுது. மாரி வரப்போகுது. சங்கத்து வலையளை வழமைபோல இதுக்குள்ள வைக்கோணும். ஹோலை விடும்.”

“மாமா, இப்பதான் பிள்ளையள் வாய் திறக்குதுகள்.”

“கூட்டமாக் கத்திறது கதைக்கிறதே? ஞாயிறு பூசை முடிய, ஒரு பிள்ளை ஊருக்கு முன்னால தனிய நிண்டு இங்கிலீசு கதைக்கட்டும் பாப்பம். கதைச்சால் ஹோல் உங்களுக்கு. இல்லாட்டி திங்கள் காலமை வலை உள்ளுக்கு வரும். சம்மதமோ?”

“ஓம்,” என்று சொல்லிவிட்டுத்தான் ஜொய்சி நாக்கைக் கடித்தாள். அட விசரி! அரைவாசி அரைவாசியாக அல்லவா பழக்கி வைத்திருக்கிறாய்? முழுசாகச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? இந்த ஹோலும் போனால் இந்த வாய்கள் திரும்ப எப்போது திறக்கும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் றொஷானி கையை உயர்த்தினாள். “நான் கதைக்கிறன், அக்கா.”

ஞாயிற்றுக்கிழமை ஹோலுக்குள் கால் வைக்க இடமில்லை. முன் கதிரையில் சவிரிமுத்தர், வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையுமாக, காலுக்கு மேல் கால். மற்றப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்று மாதாவின் பெயரில் சத்தியம் வாங்கியாயிற்று. அவர்களுக்குள் மிரோஜன் என்ற பொடியன் தன்னில் நம்பிக்கை இல்லாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“குட் மோர்னிங். மை நேம் இஸ் றொஷானி.”

முழுசு! ஜொய்சிக்கு மூச்சு வந்தது.

“ஐ லிவ் இன் மண்டைதீவு. மை பாதர் கோஸ் டு…”

நின்றுவிட்டாள். பழக்கதோஷம். தன் அரைவாசி முடிந்ததும் வாய் தானாக மூடிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, என்று ஜொய்சி தலையில் கைவைத்தாள். மிரோஜனின் கண்கள் பிதுங்கின. ஹோல் முழுக்க ஒரு அந்தரம். பிறந்த நாள் முதல் செபமாலை சொல்லி வளர்ந்த சனம் அது. அரைவாசியில் ஒன்று நின்றால் அவர்களால் சும்மா இருக்க ஏலாது. வாய் துறுதுறுக்கும்.

“த சீ!”

முன் கதிரையில் இருந்து வந்தது. சவிரிமுத்தர்! சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன, அது வெளியே வந்துவிட்டதே. பூவரசின் கீழே இருந்த இரண்டு மாதமும் வலையை மட்டுமா பொத்தினார், மனிதர்?

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. றொஷானி அவரைப் பார்த்தாள். முகத்தில் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

“மை மதர் கிளீன்ஸ்…”

“த பிஷ்!” இப்போது பெண்களும் சேர்ந்துவிட்டார்கள்.

“த கிறோ ரேக்ஸ்…”

“த பிஷ்!” சவிரிமுத்தர் சால்வையை எடுத்துவிட்டு, கதிரையின் கையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

றொஷானி ஜொய்சியைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்புச் சிரித்தாள்.

“பிளீஸ், மாமா, கிவ் அஸ்…”

இது பாடத்தில் இல்லை. ஜொய்சி இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ஊரில் ஒரே பெயர்தான், அதைத் தெரியாதவர் யார்?

“த ஹோல்!”

கூரை போகாதது மாதாவின் புண்ணியம். அத்தனை குரலிலும் பெரிய குரல் முன் கதிரைக்காரருடையது.

“அட கோதாரி!” என்று எழும்பினார் சவிரிமுத்தர். “என்ர வாயாலயே குடுத்துப்போட்டன்.”

“தவளை தன்ர வாயாலதான் கெடும்,” என்றாள் மனைவி கிறேஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உந்த வலையளை எங்கட விறாந்தையில வையுங்கோ.”

சனம் சிரித்து ஓய மட்டும் றொஷானி மேடையிலேயே நின்றாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, தனிய, யாருக்கும் அரைவாசி வைக்காமல் சொன்னாள்:

“தாங்க் யூ வெரி மச், மாமா.”

சவிரிமுத்தர் வாயைத் திறந்தார், மூடினார், மெல்லக் குனிந்து, பக்கத்தில் நின்ற ஜொய்சியின் காதுக்குள் கேட்டார்.

“பிள்ளை, உதுக்கு என்ன மறுமொழி? நீர் உதைப் படிப்பிக்கேல்லையே!”

ஜொய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “யூ ஆர்…” என்று அரைவாசியை மட்டும் அவர் காதுக்குள் வைத்தாள்.