நூர் நிஷா வழியாகப் பேசியது

1

கொழும்புப் பயணத்துக்கு வண்டி வந்து நின்ற அன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள்: என் தம்பி பாக்கர், அவன் மனைவி சாலிஹா, அவள் இடுப்பில் இரண்டரை வயது மகள் நூர் நிஷா, என் மனைவி சபியா, வண்டிக்காரர் ராக்கப்பன், நான். தாங்களும் அங்கே நின்றதாக எங்கள் ஊர் புதுமடத்தில் பதினோரு பேர் சொல்லித் திரிகிறார்கள். நிற்கவில்லை.

சபியா இந்தக் கதையைச் சிரிக்காமல் சொன்னதே கிடையாது. சிரிப்பை நீக்கிவிட்டு எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். முழுதாக நீங்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1956ஆம் வருடம், கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில்"

அடித்துவிட்டேன். எங்கள் வாசலிலிருந்து கடல் தெரியாது. தெரிவது எதிர்வீட்டு மதாரின் ஆட்டுக்கொட்டகை.

இரண்டாவது தொடக்கம்: "கணவனும் மனைவியும் தனித்திருக்கும்போது"

அதையும் அடித்தேன். தம்பி மனைவியைப் பற்றி மூத்தவன் அப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்குவது முறையல்ல.

மூன்றாவது நின்றது. சாலிஹா கல்யாணமாகி வந்த புதிதில் கணவனை "மச்சான்" என்றுதான் கூப்பிட்டாள். "மச்சான், வரும்போது மல்லிப்பூ மறந்தா வாசல்லயே நில்லுங்க" என்பாள். "நின்னா பட்டினி போடுவியா?" என்பான் அவன். பிறகு இருவரும் சிரிப்பார்கள். நான் இருமிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டு எழுந்தபோது, அந்தச் சொல் அவளுக்குத் தொண்டையில் நின்றுகொண்டது. ஒரு பிள்ளைக்கு உம்மா ஆன பிறகும் மச்சான், மச்சான் என்று கூப்பிட அவளுக்கு வெட்கமாக இருந்தது. தொட்டிலைப் பார்த்துச் சொன்னாள்:

"நூரு, வெளமீன் வாங்கியாந்தா முள்ளெடுக்க எனக்கு நேரமில்லன்னு ஒங்க வாப்பாட்டச் சொல்லு."

பாக்கரும் தொட்டிலைப் பார்த்தே பதில் சொன்னான். "அப்ப நண்டு வாங்கவான்னு ஒங்க உம்மாட்டக் கேளு நூரு."

நூருக்கு விக்கல் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. பிள்ளை தூங்கினால் வீட்டு நிர்வாகம் நின்றுவிடும். சபியா ஒருமுறை பிள்ளையை இரண்டு நாள் இராமநாதபுரம் கூட்டிப்போனாள். அந்த இரண்டு நாளும் ஆணத்தில் (எங்கள் வீடுகளில் குழம்புக்கு அதுதான் பெயர்) உப்பில்லை. சொல்ல ஆளில்லாமல் பாக்கர் அப்படியே சாப்பிட்டான்.

[அவர்கள் அறைக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? சபியா சொன்னாள். சபியாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.]

3

கொழும்பில் ஹாஜா முகைதீன் கடையில் பாக்கருக்கு வேலை தேடிக்கொடுத்தவன் நான். மூன்று வருடத்துக்கு அனுப்பி வைக்கிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தவனும் நான்.

சாலிஹாவுக்கு அவன் போவதில் விருப்பமில்லை. ஒரு மாதம் முயன்றாள்.

"நூரு, கொழும்புல ஓயாம மழையாம். ஒங்க வாப்பா ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னு சொல்லு."

"கொட கொண்டுபோறேன்னு ஒங்க உம்மாட்டச் சொல்லு நூரு."

மீன், உப்பு, குடை எல்லாம் பிள்ளை வழியாகப் போய்ச் சேர்ந்தன. தன் மனதில் இருந்தது மட்டும் போய்ச் சேரவில்லை என்று சாலிஹாவுக்குப் புரிந்தது.

(இங்கே அவள் கண்ணீர் விட்டதாக ஒரு வரி இருந்தது. சபியா படித்துவிட்டு, "அவ எங்கன அழுதா? ஆணம் காச்சிக்கிட்டுல்ல இருந்தா" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. "மொதலாளி, உச்சிப்புளியில ரயிலு நமக்காக நிக்காது" என்றார் ராக்கப்பன்.

சாலிஹா பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நூரு, வாப்பாவப் போகவேணாம்னு சொல்லு."

நூர் நிஷாவின் வாய் நிறையப் பனங்கிழங்கு. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"நீயே சொல்லு."

[இந்தப் பதிலை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.]

பாக்கர் பதறிப்போனான். "நூரு, ஏன் போகவேணாமாம்னு ஒங்க உம்மாட்டக் கேளு."

"நீயே கேளு."

ராக்கப்பன் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் நுகத்தடியைச் சரிசெய்யத் தொடங்கினார்.

சாலிஹா என்னைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். கணவனின் மூத்தவன் நிற்கும் இடத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவள் திறந்தாள்.

"மச்சான், போகாதிய. மழைக்கு ஒங்களுக்குக் கொட இருக்கு. நானும் இந்தப் புள்ளையும் இங்கன யார் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

"இத முன்னமே சொல்லக்கூடாதா?"

"நூருட்டச் சொன்னேனே!"

"நானும் நூருட்டத்தான கேட்டேன்!"

நான் மதாரின் ஆடுகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். ஒன்பது ஆடுகள்.

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பாக்கர் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறுகிறான். கொழும்பிலிருந்து எழுதும் கடிதங்களையெல்லாம் நூர் நிஷா பெயருக்கே போடுகிறான். இன்னொன்றில் கொழும்புக்கு மன்னிப்புக் கடிதம் போகிறது. வாக்குத் தவறியதாக எழுதிக் கையெழுத்திட என் பேனா ஒரு வாரம் மறுக்கிறது.

"பாக்கர் அண்ணனான என்னைத் திரும்பிப் பார்த்து, காக்கா, என்று"

இதற்கு மேல் எழுதமாட்டேன். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் என் தம்பியைக் கோழையாக்காதீர்கள்.

6

பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியவன் என்று பாக்கரை ஊரில் சொல்கிறார்கள். தவறு. பெட்டியை இறக்கியவன் நான்.