சவேரியோவின் கட்டில்

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க" என்று லுக்ரேசியா மறுபடியும் சொன்னாள். சவப்பெட்டியின் மூடியைத் தூக்கப்போன ஆள் அதைத் திரும்பச் சுவரில் சாய்த்து வைத்தான். கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. மூடியைத் திருகிவிட்டால் பிறகு யாருக்காகவும் திறக்கமாட்டார்கள். மகன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

சவேரியோ ஜெர்மனியில் விமானம் ஏறிவிட்டான். வந்துவிடுவான் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அவள் பயந்தது அதற்கு அடுத்ததை நினைத்து. வருகிறவன் இந்த வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்குவானா?

பெட்டிக்குள் கிடக்கும் அவள் புருஷன் செய்த வேலை அப்படி. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தொனாத்தோவுக்கு வயதான காலத்தில் ஒரு பித்து பிடித்தது. விடுதிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல் ஊர் சுற்ற வருகிறவர்களைக் கணினி வழியாகக் கூப்பிட்டு, மகனுடைய அறையைச் சும்மாவே கொடுத்தார். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சவேரியோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அவன் கட்டிலில் ஹாலந்துக்காரப் புருஷன் பெண்டாட்டி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாக்குக் கொடுத்துட்டேன்டா. ரெண்டு ராத்திரி சமையலறையில படுத்துக்க" என்றார் தொனாத்தோ.

"ஊரான் பிள்ளைக்குக் கட்டில், பெத்த பிள்ளைக்குத் தரையா?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். அதன்பின் ஃபோனில் அம்மாவோடு மட்டும் பேசுவான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இந்த வீட்டில் தன் பிள்ளை தானே கிளம்பிப் போய்விட்டான்.

வாசலில் திடீரென்று அழுகை கூடியது. தோளில் பையோடு, நெட்டையாக, தாடி வைத்த ஒருவன் நின்றிருந்தான். பக்கத்து வீட்டுத் தெரேசினா பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியா ராசா. உங்கப்பா போயிட்டாரேடா" என்று இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவளிடமிருந்து அவளுடைய புருஷன் வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து மருந்துக்கடைக்காரர். துக்க வீட்டில் வரிசையாகக் கட்டிக்கொள்ளும்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்? வந்தவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பக்கத்து மனிதர்கள் பாசக்காரர்கள் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்க வேண்டும். அவனும் ஒவ்வொருவருக்கும் திருப்பி முத்தம் கொடுத்துச் சிரித்தபடியே நகர்ந்து வந்து, மெழுகுவர்த்திகளுக்கு நடுவே பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

லுக்ரேசியாவும் ஓடிவந்து நின்றாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என் பையன் இல்ல, தெரேசினா."

தெரேசினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தாடி வச்சுட்டா எல்லா ஆம்பளையும் ஒண்ணாத்தான் இருக்கான். நான் என்ன பண்ண?"

அவன் பெயர் பாவெல், செக் நாட்டுக்காரன். தொனாத்தோ போன வாரம்தான் அவனை வரச் சொல்லியிருந்தார். அரைகுறை மொழியில், "நான் தெரியாது. மன்னிக்கணும். போறேன்" என்றான்.

"எங்க போவ? இன்னிக்கு இனிமே பேருந்து கிடையாது" என்று லுக்ரேசியா வாய்ப்பழக்கத்தில் அந்த அறையைக் காட்டினாள். "பையை அங்க வை."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எடு என்று சொல்ல வாயைத் திறந்தபோது வாசலில் சவேரியோ தானே ஓட்டிவந்த வாடகைக் கார் வந்து நின்றது.

சவேரியோ யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நேராகப் பெட்டியருகே வந்து நின்றான். அப்பாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்தான். பிறகு மூடிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தான்.

பெட்டியைத் தூக்கும்போது ஒரு சிக்கல். சவேரியோவின் உயரத்துக்கு ஈடாக முன்பக்கம் ஆள் இல்லை. சித்தப்பா மகன் தோள் கொடுத்தால் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. "உயரம் ஒத்து வரணுங்க" என்று முனகிய ஆள், சுவரோரம் நின்ற பாவெலைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். பாவெல் வந்து தோள் கொடுத்தான். வழியில் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக மரியாதைக்குக் கதவை இறக்க, முன்னால் அந்த இரண்டு நெட்டையர்களும் ஒரே நடையில் போனார்கள். பின்னால் நடந்த லுக்ரேசியாவுக்கு எது தன் பிள்ளையின் முதுகு என்று ஒரு கணம் தெரியவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியபோது தெரேசினா வீட்டுச் சாப்பாடு சமையலறை மேசையில் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். கோழி ரசமும் ஓவனில் வெந்த பாஸ்தாவும் ஆறிக்கொண்டிருந்தன. மூவரும் உட்கார்ந்தார்கள்.

"யாரும்மா இவன்?" என்றான் சவேரியோ.

"உங்கப்பா வரச் சொன்ன ஆளு." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பை உன் ரூம்ல இருக்கு. நான்தான் வைக்கச் சொன்னேன்."

சவேரியோ ரொட்டியைப் பிய்த்தான். வெகுநேரம் மென்றான்.

"பரவால்ல. நான் பொத்தென்சா டவுன்ல ஹோட்டல்ல ரூம் போட்டுட்டுத்தான் வந்தேன். இங்க எனக்கு இடம் இருக்காதுன்னு தெரியும்."

ஹோட்டல் என்ற சொல் பாவெலுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தான். "ஹோட்டல், நான். நீங்க இங்க."

"நீ உட்காரு" என்று லுக்ரேசியா அதட்டினாள். அவன் உட்கார்ந்தான். அவள் மகன் பக்கம் திரும்பினாள். அன்று முழுவதும் வராத கோபம் இப்போது வந்தது.

"நீ ஜெர்மனிக்குப் போன புதுசுல வீடு கிடைக்காம அலைஞ்சியே, ஞாபகம் இருக்கா? யாரோ ஒரு துருக்கிக்காரன் அவன் வீட்டுக் கூடத்துல படுக்க இடம் கொடுத்தான்னு சொன்னே."

"மெஹ்மத். ஆமா. அதுக்கென்ன?"

"அன்னிக்கு உங்கப்பா ராத்திரி பூரா தூங்கல. முகம் தெரியாத ஒருத்தன் என் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கான், நான் சும்மா இருந்தா நல்லாருக்குமான்னாரு. மறுவாரமே உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிட்டு வந்தாரு."

"இத ஏம்மா எங்கிட்ட யாருமே சொல்லல?"

"அவர் சொல்ல வேணாம்னாரு. சொன்னா உனக்காகச் செஞ்சேன்னு சொல்லிக் காட்டின மாதிரி ஆயிடுமாம். நீ கேட்டியா? அவரும் ஃபோனை எடுத்தாரா? அப்பனும் மகனும் ஒரே கழுதை."

அவள் அழுதாள். பாவெல் தலையைக் குனிந்துகொண்டான். சவேரியோ எழுந்து வெளியே போனான்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போகிறவன் போகட்டும், முகத்தையாவது பார்த்துவிட்டானே என்று லுக்ரேசியா மனதைத் தேற்றிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

சவேரியோ கையில் ஒரு சின்னப் பையோடு உள்ளே வந்தான். கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினான். பாவெலின் தட்டில் பாதி பாஸ்தா அப்படியே இருந்தது.

"சாப்பிடுப்பா. ஆறிப்போச்சு" என்றான் அவனிடம். அம்மாவைப் பார்க்காமலே, "எனக்கு இங்கயே படுக்கையைப் போடும்மா" என்றான்.

அவள் மடக்குக் கட்டிலை அடுப்புப் பக்கமாக விரித்தாள். சவேரியோ படுத்துப் பார்த்தான். கட்டில் அவனுக்குக் குட்டை. பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. லுக்ரேசியா ஒரு நாற்காலியை இழுத்துவந்து கால்மாட்டில் போட்டு, அதன்மேல் ஒரு தலையணையை வைத்தாள்.