பத்து நாளைக்குச் சாவி

வெங்கடநாராயணன் நீட்டிய காகிதத்தில் மாதங்கி கையெழுத்துப் போடவில்லை. படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் முகம் சட்டென்று சுருங்கியது. அவர் மனைவி ஜெயலக்ஷ்மி கையில் மோர்க்குழம்புக் கிண்ணம். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டு மாடியிலிருந்து ஒரு கரண்டி ரசம் இறங்கியதில்லை. மாதங்கியின் புருஷன் பத்மநாபன் போய் இரண்டு மாதம் ஆவதற்குள் தினம் ஒரு கிண்ணம் இறங்குகிறது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

விஷயம் இதுதான். தை மாதம் அவர்கள் பிள்ளை கிரீஷுக்குக் கல்யாணம். புது மருமகள் உள்ளே வரும்போது கீழ்வீட்டு வாசலில் தாலி அறுத்தவள் எதிர்ப்படக் கூடாதாம். மாதங்கி ஊரின் இன்னொரு கோடியில், பெஹாலாவில் தன் அண்ணன் வீட்டில் பத்தே நாள் இருந்துவிட்டு வரட்டும், சாவியை மாடியில் கொடுத்தால் போதும். காகிதம் மின்சார மீட்டரில் பெயர் மாற்றத்தானாம்.

"நீ என்ன வேத்து மனுஷியா? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

புருஷன் போனவள் வருஷம் திரும்பும்வரை வாசற்படி தாண்ட மாட்டாள், காகிதத்தை யாரிடம் காட்டப்போகிறாள் என்பது அவர் கணக்கு. தான் வேலை பார்த்த துறைமுக ஆபீசுக்குப் பத்மநாபன் கொடுத்த விண்ணப்பமெல்லாம் இவள் எழுதிக் கொடுத்தது என்பது, பாவம், அவருக்குத் தெரியாது. மூன்றாவது வரியிலேயே இருந்தது: 'என் சம்மதத்தின் பேரில் வீட்டைக் காலிசெய்து ஒப்படைத்துவிட்டேன்.' அடப்பாவி!

மறுநாள் காலையில் மாதங்கி வாசற்படி இறங்கினாள். பத்திரிகை வைக்கக் கிளம்பிய ஜெயலக்ஷ்மி அவளைப் பார்த்ததும், சகுனம் கெட்டதென்று குங்குமச் சிமிழோடு மாடிக்கே திரும்பிப் போனாள்.

அலிப்பூர் கோர்ட்டில் ஸ்மிதா என்ற வங்காளி வக்கீல் பொறுமையாக விளக்கினாள். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. சாவி கை மாறக் கூடாது. இந்த மாத வாடகையை 'அப்புறம் பாத்துக்கலாம்மா' என்று அவர் வாங்காமல் போனதும் கருணையில்லை. நாளைக்கு பாக்கி வைத்தாள் என்று சொல்லத்தான். வாங்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கட்டி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மாதங்கி அந்தப் பெண்ணையும் முழுசாக நம்பவில்லை. அதையே மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வெங்கடநாராயணன் பேனாவோடு வந்தார். மாதங்கி காகிதத்தைக் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்தாள்.

"என் மூஞ்சி ஒங்காத்துக் கல்யாணத்துக்கு ஆகாது. கையெழுத்து மட்டும் ஆகுமா மாமா?"

அவர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். பேஷாகப் போங்கள், எனக்கும் இப்போது வழி தெரியும் என்றாள் இவள்.

கல்யாணம் முடிந்து பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மாதங்கி கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. மாடிப்படிக்கு எதிரே தன் வாசலில் நாற்காலி போட்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், இழைக்கோலம் எல்லாம் இருந்தன. காரிலிருந்து இறங்கிய மருமகளை ஜெயலக்ஷ்மி கையைப் பிடித்து அவற்றையெல்லாம் தாண்டிப் பின்சந்துக்கு நடத்திப் போனாள். அங்கே, கக்கூஸ் கழுவ வருகிறவர்களுக்கென்று அந்தக் காலத்தில் மாடிக்குப் போட்ட இரும்புச் சுழல்படி இருக்கிறது. அந்த வீட்டார் ஒருத்தரும் தீட்டென்று அதில் கால் வைத்ததில்லை. கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு மகாலக்ஷ்மி அதில்தான் ஏறினாள்.