மாதாவின் காட்டில் மரங்கள் எத்தனை

எங்கள் தெய்வம் மாதாஜிக்கு நேர்ந்து விட்ட காட்டை ஓரண் என்போம். அதில் யாரும் கிளை ஒடிப்பதில்லை, மரம் எண்ணுவதும் இல்லை. எண்ணினால் கண் பட்டுவிடும். ராஜஸ்தானில் ஒட்டகம் மேய்க்கும் ரைக்காக்களான எங்களுக்கு ஒட்டகமும் அப்படித்தான். எத்தனை வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் பட்வாரி நிலக்கணக்கு எழுத வந்தார். ஒட்டகப்பால் டீயைக் குடித்துவிட்டு, “ஹமீராராம், இதுல எத்தனை மரம்? யார் பேர்ல இருக்கு?” என்றார்.

“எண்ணுற வழக்கமில்ல சாகிப். எங்க பேர்ல எப்படி இருக்கும்? எல்லாம் மாதாவோடது” என்றேன் பெருமையாக. அவர் எழுதிக்கொண்டார். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இந்த வருடம் ஹோலி முடிந்ததும் சோலார் கம்பெனியின் லாரிகள் வந்தன. கம்பிவேலி ஓரணின் வடக்கு எல்லையைத் தொட்டது. தாலுகா ஆபீசில் போய்ப் பார்த்தால் பதிவேட்டில் இருக்கிறது: தரிசு. மரம் இல்லை. உரிமையாளர் இல்லை.

“வாய் மட்டும் நல்லா வேலை செஞ்சிருக்கு. கூட மூளையையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்” என்றாள் என் மனைவி ஜம்னா.

சூரிய மின்சாரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டு விளக்கே அதில்தான் எரிகிறது. கரிப்புகைக்கு அது எவ்வளவோ மேல். பாலைவனம் என்றாலே காலி இடம் என்று நினைக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். சித்திரை வெயிலில் என் ஒட்டகங்களுக்கு ஓரணின் வன்னித் தழையை விட்டால் வேறு தீனி கிடையாது. ஓரண் போனால் அவற்றை விற்றுவிட்டு நானும் அந்த வேலிக்குக் காவல் நிற்க வேண்டியதுதான்.

தாலுகா ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரி நல்லவர். எங்களை உட்கார வைத்துப் பேசினார். “வாயால சொன்னா பத்தாது. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, போட்டோவோட ஏழு நாள்ல கொண்டாங்க. அப்புறம் யாரும் மரமே இல்லைன்னு சொல்ல முடியாது.”

மாதா கோயில் பூசாரி, எண்ணவே கூடாது என்றார். முதல் வன்னியின் முன்னால் சுண்ணாம்பு வாளியோடு நின்றேன், கை எழவில்லை. ஜம்னா பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பாவம் என்னோட போகட்டும். நீங்க போட்டோ எடுங்க.”

ஒன்று என்று எழுதிவிட்டு, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறு நாளில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு மரங்கள். இத்தனை இருந்ததா என்று எனக்கே மலைப்பு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகவும் இருந்தது.

ஏழாம் நாள் அதிகாரி எங்கள் தாள்களைப் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. “அருமையா பண்ணியிருக்கீங்க. இந்தக் கணக்கு இல்லாமத்தான் கம்பெனியோட ஃபைல் நின்னு போச்சு. விதிப்படி, வெட்டுற ஒரு மரத்துக்குப் பத்து கன்னு வைக்கணும். பதினெட்டாயிரத்து நானூத்து இருபது. கம்பெனி ஒத்துக்கிட்டாங்க.”

“எங்க வைப்பாங்க?” என்றேன்.

“பக்கத்து ஜில்லாவுல நிலம் ஒதுக்கியாச்சு.”

அத்தனை ஆண்கள் இருந்த ஆபீசில் ஜம்னா முகத்தை மறைத்த முக்காட்டை விலக்கினாள். இருபது வருடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கையை நீட்டி, “அந்தத் தாளைத் திருப்பிக் குடும்மா” என்றாள்.

“அது பதிவாயிடுச்சேம்மா” என்றார் அதிகாரி. வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஜம்னா நீட்டிய கையை மடக்கவே இல்லை.