ஒட்டுத் தெரியாத வேலை

கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த ஹாபிஸ், கடைசியில் வாய்விட்டுச் சிரித்தான். சுகுமாரனுக்குச் சுருக்கென்றது. சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குக் கேட்டும் கிரில்லும் அவர் பட்டறையில் செய்தவைதான். இதுவரை அவர் வேலையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

"என்னடா சிரிப்பு?"

"அண்ணே, இது ரோல் கேஜா, வீட்டுக் கேட்டா? பூட்டு மட்டும்தான் குறை லா!"

படத்தில் இருந்தது அவருடைய மச்சான் தர்மேந்திரனின் ஃபோர் வீல் காடி. ஞாயிறானால் நண்பர்களோடு மலைச்சேற்றில் ஓட்டக் கிளம்பிவிடும் ஆள் அவன். காடி புரண்டால் கூரை நசுங்கி உள்ளே இருப்பவர்கள் மேல் விழாமல் தாங்குவதற்கு உட்புறம் ரோல் கேஜ் என்னும் ஓர் இரும்புக் கூண்டு வேண்டும். அதைப் போன வாரம் சுகுமாரன்தான் சதுரக் குழாயில் செய்து கொடுத்திருந்தார். அவர் மகள் தினேஸ்வரியும் மாமாவோடு போக வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். "அப்பா கையால கூண்டு செஞ்சு மாட்டுறேன், அப்புறம் போ" என்று அவர்தான் சொன்னார். இன்று காலை முதன்முதலாகப் போயிருக்கிறாள்.

ஹாபிஸ், எதிர்வரிசைச் சாப்பாட்டுக்கடைக்காரரின் மகன். அவனுக்கும் காடிப் பைத்தியம். தன் காடிக்குக் கூண்டு செய்யத்தான் வந்திருந்தான். ஆனால் உருண்டைக் குழாயில்தான் வேண்டுமாம்.

"ரவுண்டு பைப்ப வளைக்க மெசின் வேணும். ஒவ்வொரு முனையையும் மீன் வாய் மாதிரி குடைஞ்சாதான் ஒண்ணோட ஒண்ணு உக்காரும். ஸ்குவேர் அப்படியா? வெட்டு, வை, அடி. கட்டுமஸ்தா நிக்கும்" என்றார் சுகுமாரன். அவர் பட்டறையில் வளைக்கும் இயந்திரம் கிடையாது. சதுரக் குழாய்தான் சுவரோரம் கட்டுக்கட்டாகச் சாய்ந்திருந்தது.

ஹாபிஸ் பையிலிருந்து ஓர் உருண்டைக் குழாய்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தான். ஈப்போவில் ஏதோ ஒரு பந்தயக் காடியிலிருந்து அறுத்தது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் வெல்டிங் திட்டுத்திட்டாகத் தடித்துக் கிடந்தது.

"இது வெல்டிங்கா, பல்லி எச்சமா? ஒரு கிரைண்டர் கூடவா இல்ல அவன்கிட்ட?"

அவருடைய பெருமையே அதுதான். பற்ற வைத்ததும் கிரைண்டர் போட்டு மேடு தெரியாமல் இழைத்து, இரண்டு கை கறுப்புச் சாயம் அடித்துவிடுவார். "ஒட்டு எங்க இருக்குன்னு காட்டு, கேட்ட சும்மா தூக்கிட்டுப் போ" என்று வாடிக்கையாளர்களிடம் சவால் விடுவார். இதுவரை ஒருவரும் தூக்கிக்கொண்டு போனதில்லை. மகள் போகிற காடியாயிற்றே என்று கூண்டுக்கு இன்னும் ஒரு சுற்று அதிகமாகவே இழைத்திருந்தார்.

"சரி, பந்தயம். ரெண்டையும் பிரஸ்ல வைப்போம். நான் தோத்தா ஒரு மாசத்துக்கு எங்க கடை ரொட்டி சானாய் ஓசி" என்றான் ஹாபிஸ்.

"ஒங்கப்பா ஒன்ன வெரட்டப் போறாரு, பாத்துக்க."

வளைந்த இரும்பை நிமிர்த்துவதற்கு வைத்திருந்த பிரஸ்ஸில் முதலில் உருண்டைக் குழாயைச் செருகி, கைப்பிடியைப் பம்பு போல அடிக்க ஆரம்பித்தார். குழாய் முனகியது, நெளிந்தது, மெல்லத் தட்டையானது. பல்லி எச்சம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கூண்டு செய்தபோது மிஞ்சிய ஒரு சதுரக் குழாய் மூலைத் துண்டு கீழே கிடந்தது. கூண்டைச் செய்த அதே கையோடு பற்ற வைத்து இழைத்ததுதான். அதைப் படுக்க வைத்து அழுத்தினார். அசையாமல் நின்றது. கைப்பிடியைப் பிடித்தபடியே, "ஒரு மாசம், ரெண்டு முட்ட போட்டு!" என்று சிரித்தார்.

"இருங்கண்ணே. காடி பொரண்டா மட்டமா பாத்தா விழும்?" ஹாபிஸ் துண்டைத் திருப்பி, விளிம்பு மேலே வருமாறு நிறுத்திப் பிடித்தான்.

நான்கு அடிகூட அடித்திருக்க மாட்டார்.

டக்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பிஸ்கட் உடைகிற சத்தம். துண்டு இரண்டாகி ஒரு பாதி தரையில் விழுந்து உருண்டது. சுகுமாரன் குனிந்து எடுத்தார். கிரைண்டர் ஓடிய கோட்டிலேயே, அளந்து பிளந்ததுபோல் விட்டிருந்தது. உடைந்த வாயில் ஒட்டுப் பிடித்திருந்த இரும்பு காகிதக் கனத்துக்குத்தான் மிச்சம். மேலே இருந்ததையெல்லாம் அவரே இழைத்துத் தள்ளியிருக்கிறார். வீட்டுக் கேட்டு என்பது சும்மா தொங்குகிற சாமான். அதன் மேல் யார் வந்து விழப்போகிறார்கள்? இத்தனை காலமும் அது போதுமாக இருந்தது.

ஹாபிஸ் ஏதோ கேட்பது தெரிந்தது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் விளங்கியது.

"அண்ணே, அந்தக் காடி இப்ப எங்க?"

"கோப்பெங் பக்கம்... பழைய ரப்பர் தோட்டத்து மேட்டுல. எம் பாப்பா உள்ள இருக்காடா."

மகளை அழைத்தார். மச்சானை அழைத்தார். எண் எட்டாத இடத்தில் இருப்பதாக இரண்டு முறையும் ஒரே பெண்குரல் மலாய் மொழியில் மரியாதையாகச் சொன்னது. ஹாபிஸ் அவர் தோளைப் பிடித்துத் தன் காடிக்குள் தள்ளினான். அப்போதும் அந்த உடைந்த பாதி அவர் கையிலேயே இருந்தது.

வழியெல்லாம் சுகுமாரன் மகளின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்; அதே பெண்குரல்தான். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ரப்பரை அழித்துவிட்டு நட்ட செம்பனை மரங்கள். தோட்டத்துச் செம்மண் பாதை முடிகிற இடத்தில் ஒரு கூட்டம் நின்று மேலே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

மேட்டின் உச்சியில் தர்மேந்திரனின் காடி மூக்கைக் கீழே நீட்டி நின்றது. சரிவு சுவர்போல இருந்தது.

"எறங்காத! மச்சான், எறங்காத!"

இன்ஜின்களின் உறுமலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, சரிவின் அடியில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். சுற்றி நின்றவர்களும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

தினேஸ்வரி அவரைப் பார்த்துவிட்டாள். தலைக்கவசத்துக்குள் பல் தெரிந்தது. மாமாவின் தோளைத் தட்டி அவரைக் காட்டினாள். பிறகு சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்தினாள். தர்மேந்திரன் ஹாரனை நீளமாக அடித்தான்.

வெயில் அந்தக் கறுப்புக் கூண்டின் மேல் வழுக்கி ஓடியது. எங்கேயாவது ஓர் ஒட்டு தெரிகிறதா என்று சுகுமாரனின் கண் மூலைமூலையாகத் தேடியது. ஒன்றுகூடத் தெரியவில்லை. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியது.