குறையாத எண்ணெய்

டிராக்டர் இன்ஜினில் எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை என்பதில் ஈஸ்வரனுக்கு உழவின் முதல் நாள் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அளவுக்கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வேலியோரம் போனவர்களுக்கெல்லாம் காட்டினான். பார்த்தவர்களும் பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நல்லேப்பிள்ளிப் பாடசேகரத்து வயல்களில் இருபத்திரண்டு ஏக்கர் சேற்றுழவு அவன் டிராக்டருக்குத்தான் என்று வயல்காரர்களின் சமிதி பேசி முடித்திருந்தது. பாசனக் கனாலில் தண்ணீர் ஐந்து நாள்தான். ஐந்தாம் நாள் மாலை மதகு ஷட்டர் இறங்கிவிடும். அதற்குள் உழாத வயல் இறுகிவிடும், நாற்று முற்றும், நடவுக்கு வந்த ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். சொன்ன நாளில் முடிக்காத வண்டியை அடுத்த போகத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த இடத்துக்கு வரக் கொழிஞ்சாம்பாறையில் இரண்டு வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன.

அதனால்தான் அவன் டிஜோவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சிந்தெடிக் எண்ணெய் கேட்டான். சாதா எண்ணெயை இருநூற்றைம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாள் முழுக்கச் சேற்றில் இழுத்தால் சூட்டில் அதற்கும் முன்பே நீர்த்து, உழவின் நடுவிலேயே மாற்ற வேண்டி வரும் என்று பயந்தான். சிந்தெடிக் என்றால் இரண்டு மடங்கு தாங்கும், சூட்டிலும் சீக்கிரம் நீர்த்துப் போகாது என்று டிஜோ சொன்னான். அதில் பொய்யும் இல்லை.

கூட வந்திருந்த மனைவி பூமாரிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சாந்தன்பாறைக்காரி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை அவளுடைய அப்பா இருபது வருஷம் ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்பே மலை வளைவுகளில் அதே ஜீப்பை அவளும் ஓட்டியிருக்கிறாள்.

“பதினோரு வருச இன்ஜினுங்க இது. சாதா எண்ணெயே போதும். அடிக்கடி மாத்துனாத்தானே உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்? எங்கப்பா வடிச்ச எண்ணெய விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டுத்தான் புதுச ஊத்துவாரு” என்றாள்.

“உங்கப்பா ஜீப்பு ஏலக்கா மூட்டைய இழுத்துச்சு. இது நாள் பூரா சேத்துல இழுக்கோணும் புள்ள” என்றான் ஈஸ்வரன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கு நாக்கு நிற்கவில்லை. “இந்த எண்ணெய ஊத்தி வண்டிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் மீசைய எடுத்துடறேன்.”

பூமாரி அதற்குமேல் பேசவில்லை. நாலு பேர் முன்னால் புருஷனைத் தோற்கடிக்க அவளுக்கு விருப்பமில்லை. அந்தப் பெருந்தன்மை அவனுக்கும் இருந்திருக்கலாம்.

உழவு நாட்களில் அவர்களுக்கு ஒரு வழக்கம். விடிந்ததும் வண்டியை எடுப்பது ஈஸ்வரன். எண்ணெய் அளவு பார்ப்பதும் அவன்தான். மதியம் ஒரு மணிக்குப் பூமாரி வந்து மாற்றிக்கொள்வாள். மாறும்போது இன்ஜினை அணைப்பதில்லை. ஒருவர் இறங்க, ஒருவர் ஏற வேண்டியதுதான். அதனால் அளவுக்கம்பியை அவள் தொடவே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் ஏறி நின்றது. எண்ணெய் குறையலாம், அப்படியே நிற்கலாம். தானாக ஊறுவதற்கு அது கிணறு அல்லவே. கம்பியை மோந்து பார்த்தான். டீசல் வாடை மூக்கில் அடித்தது. வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கம்பியைத் துணியில் துடைத்து உள்ளே விட்டுவிட்டான்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடையில் சிரித்த சிரிப்பெல்லாம் திரும்பி வரும் என்று நினைத்தான். அடியிலிருந்த திருகைத் தளர்த்தி ஒரு லிட்டர் வடித்து, பழைய டின்னில் பிடித்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அளவு கோட்டுக்கு வந்தது. நாலாம் நாளும் அதையே செய்தான். ஐந்தாம் நாள் காலை அளவு இரண்டு விரல் ஏறியிருந்தது. அன்றைக்கு வடிக்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை. கடைசி நாள்தானே, ஓடிவிடும் என்று வண்டியை எடுத்துவிட்டான்.

பத்து மணிக்கு மனசு கேட்காமல் மெக்கானிக் ஜின்சனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

“ஈஸ்வரேட்டா, வண்டிய இப்பவே நிறுத்தணும். டீசல் அனுப்புற ஃபீட் பம்ப் உள்ள ரப்பர் கீறியிருக்கும். டீசல் எண்ணெயில எறங்குது. அளவு ரொம்பக் கூடுனா இன்ஜின் அந்த எண்ணெயத்தான் குடிச்சு ஓடும். அப்புறம் ஆஃப் பண்ணினாலும் நிக்காது, கேட்டோ. எண்ணெய் எந்த பிராண்டானாலும் இதே கதைதான். நான் நாளைக்குக் காலம்பற வர்றேன்.”

“நாளைக்குத் தண்ணி இருக்காதுடா” என்றான் ஈஸ்வரன். வண்டியை நிறுத்தவில்லை.

ஒரு மணிக்குப் பூமாரி வந்தபோது நாலு ஏக்கர் பாக்கி. தூக்குச்சட்டியை வரப்பில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஈஸ்வரன் வாயைத் திறந்தான்.

“மெல்ல ஓட்டு” என்றுதான் வந்தது.

“ஏங்க, ஒடம்புக்கு முடியலையா? மொகமே சரியில்லையே” என்றாள் அவள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

சோற்றைப் பிசைந்தானே தவிர ஒரு வாய் உள்ளே போகவில்லை. வண்டி போகும் திசையிலேயே கண் இருந்தது. கனால் கரை வரை போய், திரும்பி, மறுபடி போயிற்று. சமிதி செக்ரட்டரி வெங்கடேஸ்வரன் குடையோடு வரப்பில் வந்து நின்றார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், பேங்கில் ரிட்டயர் ஆனவர். இங்கே ஆறு ஏக்கர் வைத்திருக்கிறார். “சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமோல்லியோ?” என்று கேட்டார். ஈஸ்வரன் பதில் சொல்வதற்குள் இன்ஜினின் சத்தம் மாறியது.

பூமாரி ஆக்சிலரேட்டர் கொடுக்காமலே வேகம் ஏறியது. புகைக்குழாயிலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை கொட்டி வண்டியையே மறைத்தது. இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கனால் கரையைப் பார்த்து ஓடின. அவள் இன்ஜினை அணைக்கும் கம்பியை இழுத்தாள். நிற்கவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு கிளட்சை மிதித்துவிட்டாள். கரைக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் அலறியது. கியரைப் பிடித்து இழுத்தாள், அது இறுகிக்கொண்டு வர மறுத்தது. கால் எடுத்தால் வண்டி கரையேறிக் கனாலுக்குள் குப்புறப் போகும்.

ஈஸ்வரன் ஓடினான். முழங்கால் சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்தான்.

“கிளட்ச விடாத புள்ள, விடாத” என்று கத்திக்கொண்டே வண்டிக்கு முன்னால் போய் நின்றான். பக்கவாட்டில் ஏற வழியில்லை, கூண்டுச் சக்கரம் மறித்தது. முன்பக்கமாக ஏறினால்தான் பானெட் மேலிருக்கும் காற்றுக்குழாய் எட்டும். காற்று போகாவிட்டால்தான் இனி இன்ஜின் அணையும். துண்டை அவிழ்த்துச் சேற்றில் முக்கி, முன்சக்கரத்தில் கால் வைத்து ஏறி, குழாயின் வாயை அடைத்து இரண்டு கையாலும் அமுக்கினான். இன்ஜின் துண்டை உள்ளே இழுத்தது. அவன் விடவில்லை. நிமிர்ந்தபோது எதிரே பூமாரியின் முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு, கிளட்சின் மேல் ஒற்றைக் காலில் பாரத்தையெல்லாம் போட்டு நின்றாள். அவள் கால் வழுக்கினால் முதலில் நசுங்குவது அவன்தான். அது இருவருக்கும் தெரிந்தது.

இன்ஜின் இருமியது. குலுங்கியது. நின்றது.

வயல் முழுக்கப் புகை. வெங்கடேஸ்வரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“அந்தப் புது எண்ணெய் சதிச்சுடுத்து, பாத்தியா? உம்மேல தப்பில்லைடா ஈஸ்வரா. சமிதில நான் சொல்லிக்கறேன். அந்த டிஜோவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும்.”

வழி தானாகத் திறந்தது. தலையை ஆட்டினால் போதும். பூமாரியும் அதையே நம்பத் தயாராக இருந்தாள். தான் சொன்னதுதான் சரி என்றாகிவிட்டதே. ஆனாலும் அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இறங்க முடியாமல் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொடை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“குதிச்சு ஓடிரலாம்னுதான் மொதல்ல தோணுச்சுங்க. நீங்க முன்னால வந்து நின்னுட்டீங்க. அதான் கால எடுக்கல” என்றாள்.

ஈஸ்வரனுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“எண்ணெய் மேல தப்பில்லைங்க சார்” என்றான். “டிஜோ மேலயும் இல்லைங்க. மூணா நாளே டீசல் எறங்கறது எனக்குத் தெரியுமுங்க. அளவு கூடிக்கிட்டே வந்துச்சு. தெரியக்கூடாதுன்னு ரெண்டு நாள் வடிச்சு மறைச்சேன். இன்னைக்குக் காலையில ஜின்சன் வண்டிய நிறுத்துன்னு சொல்லிப்போட்டான். நான்தான் நிறுத்தலைங்க.”

வெங்கடேஸ்வரன் குடையை மடக்கினார்.

“காலையிலன்னா?” என்றாள் பூமாரி. “நான் ஏறுறதுக்கு முந்தியா?”

“முந்திதான்.”

“தெரிஞ்சுதான் மெல்ல ஓட்டுன்னீங்களா?”

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலாவது அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாகச் சேற்றில் இறங்கினாள். அவன் கை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

“சார், கொழிஞ்சாம்பாறை வண்டிய வரச் சொல்லுங்க” என்றாள் வெங்கடேஸ்வரனிடம். “இன்னும் தண்ணி நிக்கிதுல்ல. நாலு ஏக்கர்தான், முடிச்சிருவாங்க.”

அவர் போனை எடுத்தார். பூமாரி ஒரு காலை இழுத்தபடி வரப்பேறி வீட்டுப் பக்கம் நடந்தாள். ஈஸ்வரன் சேற்றிலேயே நின்றான்.